ஒண்ணரை மடங்கு

2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, ஆவணி முப்பது. எழுந்ததும் மேல்தொட்டிக்கு மோட்டார் போட்டேன். பால் வாங்கி வந்து காய்ச்சினேன். வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். கோலம் போட எனக்குக் கை வராது, தெளித்ததோடு சரி. வாரம் முழுக்க மில்லுக்குப் போட்டுப்போன சட்டைகளைத் துவைத்து, எல்லாக் காலரும் ஒரே பக்கம் பார்க்கும்படி கொடியில் போட்டேன். திசை மாறினால் சட்டை காயாதா என்று கேட்பீர்கள். காயும். எனக்குத்தான் மனசு ஆறாது.

முந்தின நாள் கோயம்புத்தூரிலிருந்து வந்த மகள் தேன்மொழி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். வருகிற ஐப்பசியில் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை திங்கட்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். பத்திரிகை தயார்தான், சொல்லப்போனால் போன வருடமே தயார். அதில் மூன்று இடங்களைத் திருத்த வேண்டும், அவ்வளவே. நடு அறைக்குப் போய், கம்ப்யூட்டரின் மேல் கிடந்த பூப்போட்ட உறையை எடுத்து நாலாக மடித்து வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

அந்த வாசனை வந்தது. பெட்டிக்குள் இருக்கும் தூசி மெல்லச் சூடேறும்போது வருகிற வாசனை. வெகுநாள் எடுக்காத இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினால் கொஞ்சம் இதுபோல வரும். முன்பெல்லாம் இந்த வாசனைக்குப் பின்னாலேயே அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும். "என் சீட்டுல யாரு உக்காந்திருக்கீக? எந்திரிங்க, வேலை கெடக்கு." இப்போது அந்தக் குரல் வருவதில்லை. அதற்குப் பதில் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்தது. மெய்நிகர் நினைவகம் தீர்ந்துவிட்டது, திறந்திருப்பவற்றை மூடுங்கள் என்றது.

மெய்நிகர் என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. மெய் மாதிரியே இருக்கும், மெய் இல்லை. இது எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் ஒரு பங்களாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மனைவி சிவகாமி கல்யாணத்துக்கு முன்பே ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தவள். தேன்மொழி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் வைத்துக் கல்யாணப் பத்திரிகை, காதணி விழாப் பத்திரிகை, புதுமனைப் புகுவிழா பேனர் என்று செய்து கொடுக்கத் தொடங்கினாள். கணினியைக் கோத்துக் கொடுத்தவன் ஜமால். பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். காரைக்குடிக் கல்லுக்கட்டிக்குப் பக்கத்துச் சந்தில் கடை வைத்திருக்கிறான்; இப்போது கேமராவும் சேர்த்து விற்கிறான்.

பத்திரிகை அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் சண்டையோடுதான் வருவார்கள். ஒக்கூரிலிருந்து ஒருவர் தங்கை பிள்ளைக்குக் காது குத்து என்று வந்தார். தாய்மாமன் அவர்தான். முதல் மாதிரியைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, மாமன் பேரு பிள்ளை பேரவிட ஒரு சுத்துப் பெருசா இருக்கணும்ல?" என்றார்.

"காது யாருக்கண்ணே குத்துறோம்?"

"காது அவனுக்குத்தான். சீரு யாரு கொண்டாறது?"

சிவகாமி மறு பேச்சில்லாமல் பெரிதாக்கிக் கொடுத்தாள். அவர் போனதும், "விட்டா அந்தப் பிள்ளைக்குப் பதிலா இவருக்கே குத்திவிட்ருவாக" என்றாள்.

கீழச்சிவல்பட்டியிலிருந்து வந்தவர் வேறு மாதிரி. பத்திரிகையின் பின்னணி முழுக்க அவருடைய பங்களா வீடு தெரிய வேண்டும் என்றார். தூண், முகப்பு, மேல்மாடம், காவி, சுண்ணாம்பு எல்லாம் தெரிய வேண்டும். பெரிய கேமராவில் எடுத்த படத்தைக் கொண்டுவந்திருந்தார். அதன்மேல் எழுத்தைப் போட்டால் எழுத்துத் தெரியவில்லை என்றாள் சிவகாமி. "எழுத்துத் தெரியாட்டிப் பரவால்லத்தா, வீடு தெரியணும்" என்றார் அவர்.

"அப்ப யாருக்குக் கல்யாணம்னு வீட்டைப் பாத்துக் கண்டுபிடிச்சுக்கிருவாகளா அண்ணே?"

அவர் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரும் சிரிக்கவில்லை. அந்த வீட்டை உள்ளே ஏற்றியதும் திரையில் மணல்கடிகாரம் சுற்ற ஆரம்பித்து, சுற்றிக்கொண்டே இருந்தது. நான் அப்போது மில்லிலிருந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் நின்றிருந்தேன். புதுவயல் அரிசி மில் ஒன்றில் எடைமேடையில் வேலை எனக்கு. அவித்த நெல்லின் வாசனை சட்டையைவிட்டுப் போகவே போகாது. "வந்துருச்சு நெல்லு மூட்டை. ஜமாலண்ணனுக்குப் போனப் போடுங்க" என்றாள்.

ஜமால் வந்து பார்த்துவிட்டு, ராம் மெமரி பற்றவில்லை என்றான். பிறகு எங்கள் இருவருக்கும் பாடம் எடுத்தான். அந்தப் பாடத்தை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும்.

"மாப்ள, ராம்ங்கிறது பந்தி நடக்கிற கூடம். எலை போட்டு உக்கார எடம் இம்புட்டுத்தான். அதுக்கு மேல ஆளு வந்தா? வெளிய சாமியானாவுல சேரு போட்டு உக்கார வைக்கிறோம்ல, அதான் வர்ச்சுவல் மெமரி. உள்ள எலை காலியாகக் காலியாக வெளிய இருக்கவகள ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுக்கிரும். கொஞ்சம் மெதுவா நடக்கும், ஆனா யாரையும் திருப்பி அனுப்பாது."

"வெளிய எத்தன சேருன்னு நம்மதான் சொல்லணுமா?" என்று கேட்டேன். என் கேள்வி வேறு எப்படி இருக்கும்.

"சொல்லலாம். சொல்லாட்டி அதுவே வேணுங்கிறதப் போட்டுக்கிரும். சொல்றதா இருந்தா, கூடத்துல எத்தன எலையோ அதுல ஒண்ணரை மடங்கு. அப்படித்தான் எல்லாரும் வைக்கிறது."

திரையில் இரண்டு சின்ன வட்டங்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால் கணினியே அளவைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்றை அழுத்தினால் இரண்டு கட்டங்கள் திறக்கும். குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று நாம் எழுத வேண்டும்.

"அதுவே பாத்துக்கிரும்ங்கிறதையே அமுக்குங்க" என்றாள் சிவகாமி.

"அதெப்படி? அளவு சொல்லாம விட்டா ஒரு நாளைக்குக் கூடும், ஒரு நாளைக்குக் குறையும்."

"கல்யாண வீடுன்னா கூட்டம் கூடும், கொறையும். நீங்க சேரை எண்ணிப் போட்டுட்டு, கூட நாலு பேரு வந்தா நிக்கவா வப்பீக?"

"எண்ணாம விட்டா தெரு பூராம் சேரு போட்ருவான்."

ஜமால் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "இது ராம் கோளாறு இல்ல மாப்ள. நான் கெளம்புறேன்."

நான் காகிதத்தில் பெருக்கிப் பார்த்து, ஒண்ணரை மடங்கை இரண்டு கட்டத்திலும் எழுதினேன். குறைந்ததும் அதுவே, கூடியதும் அதுவே. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கீழச்சிவல்பட்டி வீடு ஒருவழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது. நான் ஜெயித்த மாதிரி முகம் கழுவப் போனேன்.

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெயர் வந்தது. "ஒண்ணரை, சோறு ஆறுது." "ஒண்ணரை, மோட்டார நிப்பாட்டுங்க." குழம்புக்கு உப்பை நான் கரண்டியில் தட்டி அளந்தால், "ஒண்ணரை மடங்கு போட்டீகளா?" தேன்மொழிக்குக்கூட அப்போது அது ஒரு விளையாட்டு. எங்கள் பக்கம் மாறுகண் உள்ளவரை ஒண்ணரைக்கண்ணு என்பார்கள். எதிர்வீட்டுச் சின்னம்மா சில நாட்கள் என் முகத்தையே உற்று உற்றுப் பார்த்துவிட்டு, ஒருநாள் சிவகாமியிடம் கேட்டேவிட்டார். "ஏத்தா, கட்டுன புருசன அப்படிச் சொல்லலாமா? அவருக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு சின்னம்மா. மனுசன்தான் ஒண்ணரை."

நான் கண்ணாடி முன் நின்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன் என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு ஒரு சொல் உண்டு. "அதுவே பாத்துக்கிரும்." பால் பொங்கப் போகிறது என்று நான் ஓடினால் அது. மழை வரும், துணியை எடு என்றால் அது. தேன்மொழிக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா என்று நான் ஜாதகத்தோடு உட்கார்ந்தால் அப்போதும் அதுதான். அதுவும் பார்த்துக்கொண்டது, கூட வேலை பார்த்த பையனையே தேன்மொழி வந்து சொன்னாள், இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போனது. நான் எதையும் விட மாட்டேன், அவள் எல்லாவற்றையும் விட்டுவிடுவாள் என்றுதான் இத்தனை வருடமும் எங்களைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் போன வருடம் ஐப்பசியில் என்று முடிவானது. ஊரார் பத்திரிகையெல்லாம் செய்தவள், தன் மகள் பத்திரிகைக்கு உட்கார்ந்தது ஆவணியில். இரண்டு மூன்று நாளாக நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போவோம் என்றேன். "சோடா குடிச்சா அதுவே சரியாப் போயிரும். மொதல்ல பத்திரிகைய முடிக்கணும்" என்றாள்.

அது அதுவாகச் சரியாகவில்லை. ஒரு பகல் நேரத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து உட்காரவில்லை. எதிர்வீட்டுச் சின்னம்மாதான் பார்த்தது. எனக்குத் தகவல் வந்தபோது எடைமேடையில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. எடையை எழுதாமலே, அந்த லாரியிலேயே ஏறிக் காரைக்குடிக்கு வந்தேன். நெல்லை இறக்காமல் என்னை இறக்கிவிட்டுப் போனார் அந்த டிரைவர். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் ஆட்கள் வந்து நிறைந்தார்கள். யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள். யாரோ சாமி படத்தைத் துணியால் மூடினார்கள். கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. அதன்மேல் பூப்போட்ட உறையை மட்டும் எடுத்துப் போட்டிருந்தார்கள். கூட்டமெல்லாம் குறைந்தபின் நான் உறையை விலக்கியபோது பத்திரிகை திரையில் அப்படியே இருந்தது. சேமித்தேன். பென்டிரைவிலும் ஒரு படி எடுத்து வைத்தேன். அந்த நிலையிலும் அதைச் செய்தேன். என் கைக்கு வேறு எதுவும் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் அந்தச் சின்னப் பெட்டியைக் கவனித்தேன். படம் செய்கிற மென்பொருளில் வலது ஓரமாக ஒரு பெட்டி இருக்கும். நாம் செய்கிற ஒவ்வொன்றும் அதில் ஒரு வரியாக விழும். எழுதியது, நகர்த்தியது, நிறம் மாற்றியது, அழித்தது என்று. எனக்கு அதெல்லாம் தெரியாது. கைபட்டு மேலே ஒரு வரியை அழுத்திவிட்டேன். பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயர் காணாமல் போனது.

கெடுத்துவிட்டேன் என்று பதறிப்போய்க் கடைசி வரியை அழுத்தினேன். பெயர் திரும்ப வந்தது. மறுபடி மேலே அழுத்தினேன், போனது. அதற்குப் பிறகு மெல்ல, ஒவ்வொரு வரியாக மேலே ஏறிப் போனேன். சிவகாமி செய்ததெல்லாம் பின்பக்கமாக நடந்தது. சிவப்புக் கரை பச்சையானது, மறுபடி சிவப்பானது, மறுபடி பச்சை. மகளின் பெயர் ஒரு மயிரிழை இடப்பக்கம் போனது. ஒரு மயிரிழை வலப்பக்கம் வந்தது. இடம், வலம், இடம். எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவள் என்று நான் நினைத்தவள், பிள்ளையின் பெயரை நடுவில் நிறுத்த இத்தனை பாடு பட்டிருக்கிறாள். நான் சட்டைக் காலருக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை.

அப்புறம் அந்த வரி வந்தது. பெண்ணின் பெற்றோர் பெயர் வர வேண்டிய இடத்தில், அழகான எழுத்தில், இப்படி இருந்தது:

ஒண்ணரையார் – சிவகாமி தம்பதியரின் மகள்.

அதற்கு அடுத்த வரியை அழுத்தினால் அது அழிந்து, என் பெயர் முறையாக, இனிஷியலோடு வந்து நின்றது.

வீட்டில் அவள் தனியாக உட்கார்ந்து அதை அடித்திருக்கிறாள். பார்த்துச் சிரித்திருப்பாள். பிறகு அழித்திருக்கிறாள். நான் அப்போது புதுவயலில் ஏதோ ஒரு லாரியின் எடையை எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. படத்தைச் சேமிக்கலாம், அது வந்த வழியைச் சேமிக்க முடியாது. அந்த மென்பொருளை மூடினாலோ கணினியை அணைத்தாலோ பெட்டி காலியாகிவிடும். அந்த வரிகளெல்லாம் கூடத்திலும் சாமியானாவிலுமாக உட்கார்ந்திருப்பவை. அணைத்தால் பந்தல் பிரித்தாகிவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே நான் அணைக்கவில்லை. கணினியை உறங்க வைக்கிற பொத்தான் ஒன்று இருக்கிறது. இருந்ததை எல்லாம் அப்படியே எழுதி வைத்துக்கொண்டு உறங்கும். எழுப்பினால் விட்ட இடத்திலேயே கண் விழிக்கும். தினமும் அப்படித்தான் செய்தேன். தானாகப் புதுப்பித்துக்கொள்கிறேன் என்று அணைந்துவிடக் கூடாதென்று இணைய வயரைப் பிடுங்கி வைத்தேன். மில்லிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு எழுப்புவேன். மேலே ஏறிப் போவேன். ஒண்ணரையாரிடம் கொஞ்ச நேரம் உட்காருவேன். ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து கடைசியில் விட்டுவிட்டு உறங்க வைப்பேன்.

நாளாக ஆக மஞ்சள் முக்கோணம் வர ஆரம்பித்தது. நான் கட்டத்தில் எண்ணைக் கூட்டினேன். ஒண்ணரை மடங்கு இரண்டானது, இரண்டு மூன்றானது. எண்ணைக் கூட்டுவதற்கு அணைத்துத் திறக்கத் தேவையில்லை. குறைத்தால்தான் அணைக்கச் சொல்லும். வாழ்நாளில் நான் அளவை மீறியது அந்த ஒரு வருடம்தான். மற்ற கோப்புகளையெல்லாம் வெளியே எடுத்துச் சாமியானாவுக்கு இடம் விட்டேன். அவள் செய்த ஊரார் பத்திரிகைகள் எல்லாம் அப்படித்தான் வெளியே போயின.

மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையாக ஒரு வருடம் காத்திருந்தார்கள். முதல் திதியும் கொடுத்து முடித்தோம். புதிய நாள் குறித்தாகிவிட்டது. பத்திரிகையில் சோபகிருது வருடம் என்பதைக் குரோதி வருடம் என்று மாற்ற வேண்டும். தேதியை மாற்ற வேண்டும். சிவகாமியின் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். இவைதான் அந்த மூன்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் எழுத்தைக்கூட அது வாங்கிக்கொள்ளவில்லை. அழுத்தினால் முக்கோணம். கட்டத்தில் எண்ணைக் கூட்டினேன். வன்வட்டில் இடமில்லை என்றது. ஜமாலைக் கூப்பிட்டேன்.

வந்து உட்கார்ந்து கட்டத்தைப் பார்த்தவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். "ஒண்ணரைதான வச்ச? இது என்ன இது?"

"கூட்டினேன்."

"நீயா? எத்தன நாளாடா இத அணைக்கல?"

"தூங்க வைப்பேன்."

"அதத் தூங்க வச்சுட்டு நீ முழிச்சுக்கிட்டு இருந்தியாக்கும்." கட்டத்தில் இருந்த எண்ணை விரலால் தொட்டான். "மாப்ள, தெருவே முடிஞ்சு போச்சு. இனி எங்க சேரு போடுவ? அணைச்சுட்டு, அதுவே பாத்துக்கிறட்டும்னு விட்டுத் திறந்தாத்தான் வேலை பாக்கும்."

"பென்டிரைவ்ல இருக்கதை உன் கடையில திறந்து திருத்த முடியாதா?"

"போன வாரமே பாத்தோமேடா. தங்கச்சி போட்ட அந்த எழுத்து இந்த மிஷின்ல மட்டும்தான் இருக்கு, காப்பி எடுக்கவும் விடாது. எங்கிட்டுத் திறந்தாலும் எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா வருது."

அந்த எழுத்துருவின் குறுந்தகடு அவள் வேலை பார்த்த அச்சகத்தினுடையது. அச்சகம் இருந்த இடத்தில் இப்போது மருந்துக்கடை. பத்திரிகை அடிக்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். போனில் பாட்டோடு ஓடுகிற பத்திரிகையை அனுப்பிவிடுகிறார்கள்.

தேன்மொழி காபி டம்ளரோடு வாசல்படியில் வந்து நின்றாள். "என்ன மாமா, காலைலயே பஞ்சாயத்து?"

"உங்க அப்பனுக்குக் கம்ப்யூட்டர அணைக்க மனசு வரலத்தா. நீ கேளு" என்று சொல்லிவிட்டு ஜமால் செருப்பைத் தேடினான். போகும்போது என் தோளில் கையை வைத்தான். எப்போதும் அடிக்கிற கை, அன்றைக்கு வைக்க மட்டும் செய்தது.

அவளிடம் விஷயத்தைச் சொல்ல எனக்குச் சாயந்தரம் ஆனது. நடுவில் சமைத்தேன், சட்டைகளை மடித்தேன், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. "அணைச்சா என்னப்பா ஆகும்?" என்று அவள்தான் திரும்பக் கேட்டாள். பிறகு அவளாகவே, "அணைக்க வேணாம்னா விடுங்க. வேற கடையில புதுசா அடிச்சுக்கிருவோம். பத்திரிகையில என்ன இருக்கு" என்றாள்.

"எங்கம்மா செஞ்ச பத்திரிகை" என்று மாப்பிள்ளை வீட்டில் எல்லோரிடமும் அவள் சொல்லி வைத்திருப்பது எனக்குத் தெரியும்.

"இங்குட்டு வா" என்று நாற்காலியைக் காட்டினேன். அவள் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே ஒவ்வொரு வரியாக மேலே ஏறினேன். மாப்பிள்ளை பெயர் போனது. கரை பச்சையானது. அவள் பெயர் இடமும் வலமுமாக ஆடியது.

"எம் பேர எதுக்குப்பா இப்படி நகட்டி நகட்டி வச்சிருக்கு?"

"நடுவுல நிக்கணுமாம்."

ஒண்ணரையார் வந்தார். தேன்மொழி வாசித்தாள். சத்தமாகச் சிரித்தாள்; அம்மா சிரிக்கிற மாதிரியே, தொண்டையிலிருந்து. சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைக்கலாமா வேண்டாமா என்று நின்றேன். பிறகு வைத்தேன்.

"ஒரு வருசமா இத வச்சுக்கிட்டு எங்கிட்டச் சொல்லவே இல்லையேப்பா."

"சொன்னா அது எல்லாருக்கும் பொதுவா ஆயிரும்னு இருந்துச்சு" என்றேன். சரியான பதில்தானா என்று தெரியவில்லை. எனக்கு வந்த பதில் அதுதான்.

அவள் போனில் அந்தத் திரையைப் படம் எடுத்தாள். என் போனுக்கும் அனுப்பினாள். பார்த்தேன். எழுத்து இருந்தது. அடுத்த வரிக்குப் போகவில்லை. சிவகாமி அழிக்கப் போகிற அந்த நொடி அதில் இல்லை.

"மொதல்லருந்து ஒரு தடவ காட்டுங்கப்பா."

மேலே, ஆக மேலே போனேன். வெறும் தாள். அங்கிருந்து இறங்கினோம். கரை வந்தது. மகள் பெயர் வந்தது, ஆடியது, நின்றது. அப்பனின் கேலிப்பெயர் வந்தது, போனது. முகூர்த்த நேரம் வந்தது. கடைசி வரியில், மண்டபத்தின் பெயருக்குக் கீழே ஒரு முற்றுப்புள்ளி. அதை வைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஒரு வருடமாகச் சாமியானாவில் அவளை உட்கார வைத்திருந்தேன். சாப்பிடக் கூப்பிடவும் இல்லை, வீட்டுக்குப் போ என்று விடவும் இல்லை.

அளவு கேட்கிற பக்கத்தைத் திறந்தேன். பழைய இரண்டு வட்டங்களும் திரையில் வந்தன.

"அம்மா எத அமுக்கச் சொல்லுச்சு?" என்றாள் தேன்மொழி.

"அதுவே பாத்துக்கிரும்ங்கிறத."

அழுத்தினேன். கட்டங்கள் இரண்டும் சாம்பல் நிறமாகி, நான் எழுதிய எண் மங்கிப்போனது. மாற்றம் நடக்க அணைத்துத் திறக்க வேண்டும், சரியா என்று கேட்டது. தேன்மொழி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தடுக்கவா, கூடவே அழுத்தவா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. சரி என்றேன். பெட்டிக்குள் இருந்த காற்றாடியின் ஓசை நின்றது. மழை பெய்துகொண்டிருப்பது அப்புறம்தான் காதில் விழுந்தது.

செப்டம்பர் 16, திங்கட்கிழமை. மோட்டார் போடவில்லை. பாலுக்குப் போகவில்லை. எழுந்ததும் நேரே நடு அறைக்குப் போய்க் கணினியைப் போட்டு, பத்திரிகையைத் திறந்தேன். உடனே திறந்தது, முக்கோணம் இல்லை. வலது ஓரத்துப் பெட்டியில் ஒரே ஒரு வரி இருந்தது: திறந்தது.

என் வழக்கப்படி மேலிருந்து கீழே, வருடம், தேதி என்று வரிசையாகத் திருத்தியிருக்க வேண்டும். அன்று வரிசை பார்க்கவில்லை. முதல் வேலையாக என் பெயருக்கும் அவள் பெயருக்கும் நடுவில் இருந்த சின்னக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கர்சரை வைத்து, தெய்வத்திரு என்று அடித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அவள் பெயர் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது.